குறைந்த பட்ஜெட்டில் கேமிங் கம்ப்யூட்டர்: எந்தப் பாகத்தை முதலில் முடிவு செய்ய வேண்டும்?

புதிதாக அசெம்பிள் செய்கிறவர்கள் பெரும்பாலும் பிராசஸரில் ஆரம்பிக்கிறார்கள். இன்டெலின் ஐ7 இருந்தால்தான் கேம் ஓடும் என்று பட்ஜெட்டில் பாதியை அங்கேயே வைத்துவிட்டு, மிச்சக் காசுக்கு எந்தக் கிராஃபிக்ஸ் கார்டு கிடைக்கிறதோ அதை வாங்குகிறார்கள். வரிசையைத் திருப்பிப் போடுங்கள். முதலில் மானிட்டர், அதற்கேற்ற கார்டு, அந்தக் கார்டை ஓட்டும் அளவுக்குப் பிராசஸர், இரண்டுக்கும் பொருந்தும் மதர்போர்டு, எல்லாவற்றையும் தாங்கும் எஸ்எம்பிஎஸ் (மின்சாரம் தரும் பெட்டி). கேபினட் கடைசியில்.

கீழே உள்ள கணக்கு 1080பி (1920 x 1080 புள்ளிகள்) மானிட்டருக்கானது. பட்ஜெட் போடும்போது 1440பி பற்றி யோசிக்கவே வேண்டாம். அங்கிருந்து கார்டின் விலை வேறு வகையில் ஏறும்.

1. கிராஃபிக்ஸ் கார்டு

மானிட்டரைத் தவிர்த்த மொத்தப் பணத்தில் 35 முதல் 40 சதவீதம் இதற்கு ஒதுக்குங்கள். நினைவகம் 8 ஜிபிக்குக் குறைந்தால் வாங்காதீர்கள். என் தேர்வு ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6600. 132 வாட்தான் இழுக்கும், ஒரே ஒரு 8 பின் இணைப்பு போதும். என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3050 என்ற பெயரில் 8 ஜிபி, 6 ஜிபி என இரண்டு கார்டுகள் இருக்கின்றன. 6 ஜிபி கார்டில் குறைவது நினைவகம் மட்டுமல்ல, கணக்குப் போடும் கோர்களும் குறைவு. பெயரை மட்டும் பார்த்துப் பணம் கட்டிவிட வேண்டாம்.

2. பிராசஸரும் போர்டும்: பலர் சறுக்கும் இடம்

கார்டுக்கும் பிராசஸருக்கும் நடுவே இருக்கும் பாதையின் பெயர் பிசிஐஇ. அதில் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும்: எத்தனை லேன் (தடம்), எந்தத் தலைமுறை. 3.0 என்றால் ஒரு லேனில் நொடிக்குச் சுமார் 1 ஜிபி போகும், 4.0 என்றால் சுமார் 2 ஜிபி. போர்டில் ஸ்லாட் முழு நீளத்துக்கு இருக்கும், ஆனால் விலை குறைந்த கார்டுகள் எல்லா லேனையும் பயன்படுத்துவதில்லை. ஆர்எக்ஸ் 6600-க்கு 8 லேன். ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி-க்கு வெறும் 4.

அந்த 6500 எக்ஸ்டி-ஐ 3.0 போர்டில் செருகினால் நொடிக்கு 4 ஜிபிதான் கிடைக்கும். பெரும்பாலும் அது 4 ஜிபி நினைவகத்தோடுதான் விற்கப்படுகிறது. கேமின் டெக்ஸ்ச்சர்கள் (காட்சிகளின் மேல் போர்த்தும் படங்கள்) அதில் அடங்காமல் வழிந்தால் ராமிலிருந்து அள்ளி வர வேண்டும். பாதை குறுகலாக இருப்பதால் படம் திக்கித் திக்கி ஓடும். சராசரி எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை படம்) சுமாராகத் தெரிந்தாலும் விளையாடும்போது அந்தத் தடங்கல் தெரியும். பழைய கம்ப்யூட்டருக்கு மலிவான கார்டு தேடுகிறவர்கள்தான் இதில் அதிகம் மாட்டுகிறார்கள், ஏனென்றால் பழைய போர்டுகள் பெரும்பாலும் 3.0. ஆர்எக்ஸ் 6600 என்றால் 3.0 போர்டிலும் நொடிக்கு 8 ஜிபி கிடைப்பதால் இழப்பு சொற்பம்.

இன்னொரு நுணுக்கம்: 4.0 வேகம் வர போர்டும் பிராசஸரும் இரண்டுமே 4.0 ஆக இருக்க வேண்டும். 4.0 உள்ள பி550 போர்டு வாங்கிவிட்டு ஏஎம்டியின் ரைசன் 5 5500 பிராசஸரைப் போட்டால் 3.0தான். 5600ஜி-யும் அப்படியே. 5600-க்கு 4.0 உண்டு, எல்3 கேஷும் (பிராசஸருக்குள்ளேயே இருக்கும் வேக நினைவகம்) 32 எம்பி, மற்ற இரண்டிலும் 16 எம்பி. பெயர் ஒன்றுபோல இருந்தாலும் உள்ளே சிப் வேறு. அதனால் 5600-ஐயே எடுங்கள்: 6 கோர், 12 த்ரெட், டப்பாவிலேயே கூலர் வரும். இன்டெல் பக்கம் ஐ5 12400எஃப், எச்610 போர்டு ஜோடியும் நல்லதே, அதிலும் கார்டு ஸ்லாட் 4.0.

5600-இலும் எஃப் என்று முடியும் இன்டெல் பிராசஸர்களிலும் உள்ளே கிராஃபிக்ஸ் கிடையாது. கார்டு வரும்வரை ஓட்டலாம் என்று நினைத்தால் திரையே வராது. பிராசஸரைச் சீல் போட்ட டப்பாவில் வாங்குங்கள். ட்ரே பீஸ் என்று டப்பா இல்லாமல் விற்பதற்கு ஏஎம்டியின் 3 வருட வாரண்டி பொருந்தாது, கூலரும் தனியாக வாங்க வேண்டிவரும்.

பி450 போர்டு மலிவாகக் கிடைத்தால் பயாஸ் (போர்டின் அடிப்படை மென்பொருள்) எந்தப் பதிப்பு என்று கடையில் கேளுங்கள். பழைய ஸ்டாக் என்றால் 5600-ஐ அடையாளம் தெரியாது. பயாஸ் ஃபிளாஷ்பேக் பட்டன் இருந்தால் பென் டிரைவ் வைத்து நீங்களே மாற்றிக்கொள்ளலாம்.

3. ராம்

டிடிஆர்4 ரகம், 3200 வேகம், 8 ஜிபி இரண்டு. ஒரே 16 ஜிபி குச்சியை விட இரண்டு 8 ஜிபி வேகம், காரணம் டூயல் சேனல், அதாவது இரண்டு பாதையில் ஒரே நேரத்தில் தரவு போகும். நான்கு ஸ்லாட் போர்டில் பிராசஸர் பக்கமிருந்து எண்ணி 2-லும் 4-லும் போடுங்கள். பிறகு பயாஸில் எக்ஸ்எம்பி அல்லது டிஓசிபி-ஐ (ராமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் அமைப்பு) ஆன் செய்யுங்கள். மறந்தால் 3200-க்குக் காசு கொடுத்துவிட்டு 2133-லோ 2400-லோ ஓட்டிக்கொண்டிருப்பீர்கள்.

பின்சேர்க்கை: 2025 கடைசியில் ராம் விலை கடுமையாக ஏறியது, ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரியை அள்ளிக்கொண்டதே காரணம். பட்ஜெட் இடித்தால் செகண்ட் ஹேண்ட் டிடிஆர்4 எடுக்கலாம். வாங்கிய அன்றே ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 மென்பொருளை ஓட்டி, ஒரு பிழை வந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

4. எஸ்எம்பிஎஸ்

இதில் மட்டும் சிக்கனம் கூடாது. கணக்கு எளிது: கார்டு 132, பிராசஸர் 65 என்று போட்டிருந்தாலும் 90 என்றே வையுங்கள், மற்றவை 50. ஆக மொத்தம் 272 வாட். கார்டு சட்டென்று எகிறும் நொடிகளுக்கும் இடம் வேண்டும். 550 வாட் வாங்குங்கள்.

டப்பாவின் முகப்பில் இருக்கும் எண்ணை நம்பாதீர்கள். பக்கவாட்டு லேபிளில் +12வி (வோல்ட்) வரியைத் தேடி, ஆம்பியரை 12-ஆல் பெருக்குங்கள். 44 ஆம்பியர் என்றால் 528 வாட், சரியான சரக்கு. 450 வாட் என்று அச்சடித்து +12வி-யில் 18 ஆம்பியர் என்றால் உங்கள் கார்டுக்கும் பிராசஸருக்கும் கிடைப்பது 216 வாட்தான். கனமான கேமில் சுமை ஏறியதும் கம்ப்யூட்டர் படக்கென்று அணையும், கார்டு கெட்டுவிட்டது என்று நினைத்து அலைவீர்கள். 12வி1, 12வி2 என்று இரண்டு வரி இருந்தால் கூட்டக் கூடாது. அடியில் இரண்டுக்கும் சேர்த்துத் தந்திருக்கும் வாட்டைப் பாருங்கள். 80 பிளஸ் முத்திரை மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதை மட்டும் சொல்லும், பாதுகாப்பு பற்றிச் சொல்லாது. மின்னோட்டம், மின்னழுத்தம், சுமை அளவு மீறினாலோ ஷார்ட் ஆனாலோ காக்கும் ஓசிபி, ஓவிபி, ஓபிபி, எஸ்சிபி நான்கும் இருக்கிறதா என்று தனியாகப் பாருங்கள்.

கரண்ட் அடிக்கடி போகும் ஊர் என்றால் யுபிஎஸ்-ஐயும் சேர்த்து யோசியுங்கள். வீடுகளில் இருக்கும் 600 விஏ யுபிஎஸ் 360 வாட்தான் தரும். கேம் ஓடும்போது மானிட்டரும் சேர்ந்தால் அதன் விளிம்புக்கே போய்விடும். 600 வாட் என்று எழுதியிருப்பதை எடுங்கள். சில ஏக்டிவ் பிஎஃப்சி (மின்சாரத்தை இழுக்கும் விதத்தைச் சீராக்கும் சுற்று) எஸ்எம்பிஎஸ்கள் சைன் வேவ் (மெயின் கரண்ட் போன்ற சீரான அலை) இல்லாத யுபிஎஸ்ஸோடு ஒத்துப்போகாமல், பேட்டரிக்கு மாறும் நொடியில் அணைந்துவிடும்.

5. மிச்சம்

எஸ்எஸ்டி: என்விஎம்இ 500 ஜிபி, முடிந்தால் 1 டிபி. எம்.2 வடிவத்தில் (போர்டிலேயே செருகும் சின்னப் பட்டை) வேகம் குறைந்த சாட்டா எஸ்எஸ்டியும் வரும், லேபிளில் என்விஎம்இ என்று இருக்கிறதா பாருங்கள். சில போர்டுகளில் எம்.2 போட்டால் ஒன்றிரண்டு சாட்டா போர்ட் வேலை செய்யாது. பழைய ஹார்ட் டிஸ்க் தெரியவில்லை என்றால் கேபிளை வேறு போர்ட்டுக்கு மாற்றுங்கள்.

கேபினட்: முன்பக்கம் கண்ணாடி வேண்டாம், காற்றுப் போகும் மெஷ் (வலை). கார்டின் நீளம் உள்ளே அடங்குமா என்று மில்லிமீட்டரில் ஒப்பிடுங்கள். ஃபேன் முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று. விளக்குக்குக் கொடுக்கும் காசை எஸ்எம்பிஎஸ்-க்குக் கொடுங்கள்.

சென்னை ரிச்சி தெருவில் வாங்கினாலும் ஆன்லைனில் வாங்கினாலும் ஒவ்வொரு பாகத்தின் சீரியல் எண்ணும் பில்லில் இருக்கட்டும். வாரண்டிக்குப் போகும்போது முதலில் கேட்பது அதைத்தான்.

மாட்டும்போது எஸ்எம்பிஎஸ்-இன் இரண்டு 8 பின் கேபிள்களைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்: 4+4 ஆகப் பிரிவது பிராசஸருக்கு, 6+2 ஆகப் பிரிவது கார்டுக்கு. மானிட்டர் கேபிளைப் போர்டில் செருகாமல் கார்டில் செருகுங்கள். விண்டோஸ் வந்ததும் டிஸ்பிளே செட்டிங்ஸில் ரிஃப்ரெஷ் ரேட்டைப் (திரை நொடிக்கு எத்தனை முறை புதுப்பிக்கிறது) பாருங்கள். 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் பல நேரம் 60-இல் நின்றிருக்கும். அதை நீங்கள்தான் மாற்ற வேண்டும்.