கலப்பையை இறக்கினால் திணறும் பழைய டிராக்டர்: எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது?

வரப்போரம் நிற்கும்போது இன்ஜின் சீராக ஓடுகிறது. வெறும் வண்டியாகச் சாலையில் போனாலும் குறை தெரிவதில்லை. கலப்பையை மண்ணில் இறக்கியதும், அல்லது பாரம் ஏற்றிய டிரெய்லரோடு மேட்டில் ஏறும்போது, சத்தம் அடங்கி இழுவை செத்துவிடுகிறது. இதைச் சொன்னவுடன் "பம்பைக் கழற்றிவிடலாம்" என்று ஸ்பேனரை எடுக்கும் மெக்கானிக்குகள் உண்டு. சம்மதிக்காதீர்கள். இன்ஜினுக்கு டீசலை உயர் அழுத்தத்தில் தள்ளும் அந்தப் பம்பு இந்த வரிசையின் கடைசியில்தான் வரும். அதற்கு முன்னால் இருப்பவற்றில் பெரும்பாலானவை சில நூறு ரூபாயில் முடிகிற வேலைகள்.

மாஸி பெர்குசன் 1035 போன்ற, மின்னணுக் கட்டுப்பாடு எதுவும் இல்லாத மூன்று சிலிண்டர் டீசல் வண்டியை மனதில் வைத்து எழுதுகிறேன். மற்ற பழைய டிராக்டர்களுக்கும் இதே வரிசை பொருந்தும்.

முதலில், குறை இன்ஜினில்தானா?

பாரம் ஏறும்போது இன்ஜின் சத்தம் குறையாமல் வண்டி மட்டும் வேகம் இழந்தால், கிளட்ச் வழுக்குகிறது. கொஞ்சம் ஓட்டி நிறுத்திய பிறகு ஒரு பக்கத்து பிரேக் பகுதி மட்டும் கொதித்தால், பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. இரண்டுக்கும் இன்ஜினைத் தொடவே வேண்டாம்.

அடுத்து, கை ஆக்ஸிலேட்டரை முழுவதும் தள்ளிவிட்டு, பம்பில் இருக்கும் லிவர் அதன் கடைசி ஸ்டாப் ஸ்க்ரூவைத் தொடுகிறதா என்று பாருங்கள். கம்பி வளைந்தோ இணைப்புகள் தேய்ந்தோ இருந்தால் லிவர் பாதி வழியிலேயே நின்றுவிடும். கம்பியைச் சரிசெய்யுங்கள், சீல் வைத்த ஸ்க்ரூவைத் திருப்பாதீர்கள்.

புகையைப் படியுங்கள்

ஒருவர் ஓட்ட, இன்னொருவர் தள்ளி நின்று பார்க்க வேண்டும். பார்க்க வேண்டியது பாரத்தில் வரும் புகையை. ஸ்டார்ட் செய்யும்போது வருவது கணக்கில் இல்லை.

கரும்புகை கக்கிக்கொண்டு திணறினால், டீசல் வருகிறது, அதை எரிக்கக் காற்று போதவில்லை. சிலிண்டருக்குள் டீசலைத் தூவ வேண்டிய இன்ஜெக்டர் சரியாகத் தூவாமல் ஒழுகினாலும் இப்படி ஆகும். ஈர மண்ணில் தாங்க முடியாத கியரில் இழுத்தாலும் ஆகும் என்பதால், ஒரு கியர் குறைத்துப் பார்த்துவிட்டு மேலே செல்லுங்கள்.

புகையே இல்லாமல் இழுவை குறைந்தால், டீசல் போய்ச் சேரவில்லை. சூடான பிறகும் வெண்புகை வந்தால் டீசல் எரியாமல் வெளியேறுகிறது: டீசலில் தண்ணீர், ஒரு சிலிண்டர் வேலை செய்யாதது, டைமிங் (டீசல் தூவப்படும் நேரம்) பிசகியது ஆகியவற்றில் ஒன்றாக இருக்கலாம். நீலப்புகை என்றால் இன்ஜின் ஆயிலும் சேர்ந்து எரிகிறது.

புகை இல்லையா? டீசல் வழியைத் தேடுங்கள்

நிதானமாகச் செய்ய வேண்டிய பகுதி இதுதான். ஐடிலில், அதாவது பாரமில்லாமல் மெதுவாக, ஓடும் இன்ஜினுக்குக் கொஞ்சம் டீசல் போதும். உழும்போது அதைப்போலப் பல மடங்கு வேண்டும். பாதி அடைத்த வழியில் அந்தக் கொஞ்சம் எப்படியும் வந்துவிடும். குறை பாரத்தில் மட்டும் தலைகாட்டுவது இதனால்தான்.

இன்ஜினை நிறுத்தி, டேங்கிலிருந்து இறங்கும் குழாயைக் கழற்றி ஒரு வாளியில் விடுங்கள். அருகில் பீடி, சிகரெட் கூடாது. டீசல் தடித்த தாரையாக விழ வேண்டும். தொடக்கத்திலேயே மெலிந்து வந்தால் டேங்கின் அடியில் கசடு. நன்றாகத் தொடங்கிப் போகப்போக மெலிந்தால், மூடியைத் திறந்து பாருங்கள். உடனே தாரை தடித்தால், மூடியில் உள்ள காற்றுத் துளைதான் அடைத்திருக்கிறது. தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்தால் அந்தச் சின்னத் துளை அடையப் பெரிதாக ஒன்றும் தேவையில்லை. குளவி கூடு கட்டினாலும் போதும். மெல்லிய கம்பியால் குத்திவிட்டால் முடிந்தது வேலை.

அடுத்தது ஃபீட் பம்ப், டேங்கிலிருந்து டீசலை இழுத்து முன்னே தள்ளும் சின்னப் பம்ப். டேங்க் இன்ஜினுக்கு மேலே இருக்கும் வண்டிகளில் ஃபீட் பம்ப் செத்தாலும் டீசல் தானாக வடிந்து ஐடிலுக்குப் போதுமானதாக இருந்துவிடும், அதனால் அதன்மேல் யாருக்கும் சந்தேகம் வராது. வெளியேறும் குழாயைக் கழற்றி, பக்கத்திலுள்ள சிறு லிவரைக் கையால் அடியுங்கள். ஒவ்வொரு அடிக்கும் டீசல் வேகமாகப் பாய வேண்டும். லிவர் தொளதொளவென்று இருந்தால் உடனே பம்ப் போய்விட்டது என்று முடிவு கட்டாதீர்கள். உள்ளே கேம் தூக்கிய நிலையில் நின்றிருக்கலாம். இன்ஜினைக் கொஞ்சம் சுற்றிவிட்டு மறுபடி அடித்துப் பாருங்கள். கூடவே டிப் ஸ்டிக்கையும் பாருங்கள். ஆயில் மட்டம் ஏறி, டீசல் வாடை அடித்தால், ஃபீட் பம்பின் டயஃப்ரம் கிழிந்திருக்கக்கூடும். அந்த ஆயிலோடு இன்ஜினை ஓட்டக் கூடாது.

பிறகு ஃபில்டர்கள். அடியில் உள்ள வடிகால் ஸ்க்ரூவைத் திறந்து ஒரு கண்ணாடிக் குவளையில் பிடியுங்கள். தண்ணீர் இருந்தால் கீழே தனியாகத் தங்கும். காகித ஃபில்டரைக் கழுவிப் போடும் வழக்கம் இன்னும் இருக்கிறது. கழுவினால் காகிதம் கிழியும். கிழிந்த வழியாகப் போகும் தூசி, பம்பையும் இன்ஜெக்டரையும் தின்றுவிடும். புதிதாக மாற்றுங்கள், ரப்பர் வளையங்களையும் சேர்த்து.

மாற்றிய பிறகு ஏர் எடுக்க வேண்டும், அதாவது டீசல் வழியில் புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும். ஃபில்டர் தலையில் உள்ள ஸ்க்ரூவைத் தளர்த்தி, குமிழி இல்லாமல் டீசல் வரும்வரை லிவரை அடித்து இறுக்குங்கள். அதேபோல் பம்பில் உள்ள ஸ்க்ரூக்கள். அப்படியும் ஸ்டார்ட் ஆகாவிட்டால் இன்ஜெக்டர் குழாய்களின் நட்டுகளைச் சற்றுத் தளர்த்தி, செல்ஃப் அடித்து, டீசல் வந்ததும் இறுக்குங்கள்.

கரும்புகையா? காற்று வழி

எண்ணெய்த் தொட்டி வகை ஏர் கிளீனரின் கிண்ணத்தைக் கழற்றுங்கள். அடியில் சேறு படிந்திருந்தால் டீசலில் கழுவித் துடைத்து, குறி வரை மட்டும் புது ஆயில் ஊற்றுங்கள். கூடுதலாக ஊற்றினால் காற்று வழி குறுகும், ஆயிலும் இன்ஜினுக்குள் இழுக்கப்படும். மேலே உள்ள கம்பி வலையையும் அலசி விடுங்கள். அறுவடைக் காலத்தில் வைக்கோல் தூசி அடைப்பது காற்று உள்ளே நுழையும் முகப்பு மூடியில்தான்.

பலரும் தவறவிடுவது ஏர் கிளீனரிலிருந்து இன்ஜினுக்குப் போகும் ரப்பர் குழாய். வெளியே பார்த்தால் திடமாக இருக்கும்; உள் அடுக்கு மட்டும் உரிந்து, உறிஞ்சல் கூடும்போது மடிந்து வழியை மூடிக்கொள்ளும். கழற்றி உள்ளே விரலை விட்டுப் பாருங்கள். ஏர் கிளீனர் இல்லாமல் "சும்மா ஒரு சால் ஓட்டிப் பார்ப்போம்" என்பது மட்டும் வேண்டாம். வயல் தூசி பிஸ்டன் ரிங்குகளுக்கு அரம்.

எந்த சிலிண்டர் சோம்பல்?

இரண்டு வழியும் சுத்தமாக இருந்தும் திணறினால், ஐடிலில் ஓடவிட்டு, ஒவ்வொரு இன்ஜெக்டர் குழாயின் நட்டையும் தனித்தனியே அரைச் சுற்றுத் தளர்த்தி இறுக்குங்கள். தளர்த்தும்போது இன்ஜின் தடுமாறினால் அந்த சிலிண்டர் உழைக்கிறது. எதைத் தளர்த்தினால் மாற்றமே இல்லையோ, அதுதான் குற்றவாளி. கண்ணாடி அணிந்து, நட்டின்மேல் துணி போட்டுச் செய்யுங்கள். உயர் அழுத்த டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். விரலால் கசிவைத் தேடுவது ஆபத்து. அப்படிப் பட்டால் காயம் சிறிதாகத் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

குற்றவாளி சிலிண்டரின் இன்ஜெக்டரை இன்னொரு சிலிண்டரில் மாற்றிப் போடுங்கள், அடியில் புதுச் செம்பு வாஷருடன். சோம்பலும் கூடவே இடம் மாறினால் இன்ஜெக்டரில் குறை. பழைய இடத்திலேயே நின்றால் டேப்பெட் இடைவெளியை (வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் இடையில் உள்ளது) கையேட்டில் உள்ள அளவோடு ஒப்பிடுங்கள். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புஸ்புஸ் என்று புகை தள்ளுகிறதா, காலையில் ஸ்டார்ட் ஆக மறுக்கிறதா? ரிங்கோ வால்வோ தேய்ந்திருக்கிறது. அது பட்டறை வேலை.

இவ்வளவும் பார்த்த பிறகும் இழுவை வராவிட்டால், அப்போது பம்பைக் கழற்றலாம். கழற்றும் முன் பம்பின் விளிம்பிலும் இன்ஜினிலும் ஒரே நேர்கோடாகக் கீறல் குறி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் நீங்களே ஒன்று போடுங்கள், திரும்ப மாட்டும்போது டைமிங் பிசகாது. அனுப்பும்போது மூன்று இன்ஜெக்டர்களையும் சேர்த்தே அனுப்புங்கள். என்ன பார்த்தீர்கள், என்ன மாற்றினீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக் கட்டிவிடுவதும் நல்லது. அதைப் படிக்கும் பம்புக் கடைக்காரர் உங்களிடம் தேவையில்லாத வேலைக்குப் பணம் கேட்கத் தயங்குவார்.