ஃப்ரிட்ஜில் உறங்கிய ஆமை எடை குறைந்தது ஏன்?

ஹெர்மன் ஆமை (ஐரோப்பிய நில ஆமை வகை), 820 கிராம். குளிர்கால உறக்கத்துக்குத் தனி ஃப்ரிட்ஜ், 5 டிகிரி. மூன்றே வாரத்தில் 12 கிராம் காலி. மாதத்துக்கு ஒரு சதவீதம், அதாவது 8 கிராமைத் தாண்டினாலே கவனிக்கணும். சிறுநீர் கழித்திருந்தால் உடனே எழுப்பியாகணும். ஆனால் துண்டுக் காகிதப் படுக்கை மொறமொறவென்று காய்ந்து கிடந்தது.

தெர்மோஸ்டாட்டைத் திருகினேன், தராசை மாற்றினேன், பலனில்லை. ஆமை உறங்கும் பெட்டியைத் திருப்பும்போதுதான் கண்ணில் பட்டது: காற்றுத் துளைகள் நேராக ஃப்ரிட்ஜ் விசிறியைப் பார்த்திருந்தன. அந்தக் காற்றுதான் ஈரத்தை உறிஞ்சியது.

காகிதத்தை எடுத்துவிட்டு, உரம் கலக்காத மண் 15 செ.மீ. போட்டேன். கையில் பிடித்தால் உருண்டையாக நிற்கணும், நீர் கசியக் கூடாது. துளைகளைக் கதவுப் பக்கம் திருப்பினேன். தெர்மாமீட்டர் முனை மண்ணுக்குள். காற்று மாற, தினம் ஒருமுறை கதவைத் திறந்து மூடுவது வழக்கம்போல.

அடுத்த இரண்டு வாரத்தில் எடை 3 கிராம்தான் குறைந்தது. அப்பாடா!