ஃபேரி ஷிரிம்ப்பைப் பார்த்து எந்த வகை என்று சொல்வது எப்படி?

மேற்கு ஆஸ்திரேலியாவின் கோதுமை வயல்களுக்கு நடுவே மொட்டைக் கிரானைட் பாறைகள் உண்டு. குளிர்கால மழையில் அவற்றின் குழிகள் நிரம்பும். நாமா என்று அங்கே சொல்லும் அந்தக் குழிகளிலும், உள்நாட்டுக் களிமண் குட்டைகளிலும், இறாலுக்குத் தூரத்து உறவான ஃபேரி ஷிரிம்ப் என்ற சின்ன நீர்ப்பிராணியைத் தேடலாம்.

முதலில் கொஞ்சம் தண்ணீரை வெள்ளைத் தட்டில் ஊற்றுங்கள். மல்லாக்கப் படுத்தபடி, பதினொரு ஜோடிக் கால்களும் அலை அலையாக அசைய நீந்துகிறதா? காம்பின் மேல் கண்கள், உடம்பில் ஓடே இல்லை? சரி, இதுதான். முதுகில் கேடயம் இருந்தால் ட்ரையாப்ஸ், சிப்பி மாதிரி இரண்டு ஓட்டுக்குள் இருந்தால் கிளாம் ஷிரிம்ப், இரண்டும் வேறு பிராணிகள்.

அடுத்து ஆணையும் பெண்ணையும் பிரியுங்கள். கால்களுக்குப் பின்னால் முட்டைப் பை தொங்கினால் பெண். பெண்ணையும் நிறத்தையும் மட்டும் வைத்துப் பெயர் சொல்லவே சொல்லாதீர்கள், ஆரம்பத்தில் எல்லோரும் சறுக்குவது இங்கேதான்.

இப்போது லென்ஸை எடுத்து ஆணின் தலையைப் பாருங்கள். பெண்ணைப் பிடித்துக்கொள்வதற்காகவே இரண்டாவது உணர்கொம்பு தடித்துப் பெருத்திருக்கும். அது நீண்டு வளைந்து, நுனியில் கத்தரிக்கோல் போல இரண்டாகப் பிரிந்தால் ஸ்ட்ரெப்டோசெஃபாலஸ் என்ற பேரினம் (நெருங்கிய இனங்களின் தொகுதி). நெற்றியிலிருந்து தும்பிக்கை போல ஒரு உறுப்பு இறங்கி, அதில் கிளைகளோ முள்ளோ இருந்தால் பெரும்பாலும் பிராங்கினெல்லா. ஆஸ்திரேலிய நன்னீரில் அதிக இனங்கள் உள்ள பேரினம் அதுதான், அந்தத் தும்பிக்கையின் நீளமும் கிளைகளும் இனத்துக்கு இனம் மாறுவதால் அதைப் பொறுமையாக விரித்துப் பார்த்து வரைந்து வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. பாறைக் குழிகளில் வாழும் பிராங்கினெல்லா லாங்கிரோஸ்ட்ரிஸ் என்ற இனம் இந்தப் பேரினம்தான். உயிரோடு இருக்கும்போதே பாருங்கள், ஆல்கஹாலில் போட்டபின் சுருங்கிவிட்டால் கஷ்டம்.

தண்ணீர் உப்பாக இருந்தால் பாரார்ட்டீமியாவை நினைக்கலாம், ஆஸ்திரேலியாவுக்கே உரிய உப்பு ஏரிப் பேரினம் அது. அதற்காக உப்பு என்றதும் முடிவு கட்ட வேண்டாம், குவீன்ஸ்லாந்தின் புக்கானன் ஏரியின் பெயரைத் தாங்கிய பிராங்கினெல்லா புக்கானனென்சிஸ் உப்புத் தண்ணீரில் வாழ்வதுதான். அங்கேயும் ஆணின் தலைதான் பதில் சொல்லும்.

குட்டை வற்றிவிட்டதா? ஒரு கைப்பிடி காய்ந்த மண் போதும் (தேசியப் பூங்கா என்றால் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள்). அதில் முட்டைகள் வருடக்கணக்கில் உறங்கிக் கிடக்கும். மழைத் தண்ணீரை ஊற்றி வெளிச்சத்தில் வையுங்கள், குளோரின் கலந்த குழாய்த் தண்ணீர் வேண்டாம். இரண்டு மூன்று நாளில் புள்ளி புள்ளியாக ஏதாவது துடிக்கிறதா என்று பாருங்கள். மொத்த மண்ணையும் ஒரே தடவையில் நனைத்துவிடாதீர்கள், முதல் நனைப்பில் எல்லா முட்டையும் பொரியாது.