குளிர்விக்கும் அங்கியும் அறுந்துபோகும் இணைப்பும்: காப்புரிமை கேட்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிப்ரவரி பிறந்துவிட்டால் முதுமலையில் புல் காய்ந்து வெளுத்துவிடும். தீத்தடுப்புக் கோடு வெட்டுகிறவர்களும் காவல் நடக்கிறவர்களும் உச்சி வெயிலில் மணிக்கணக்காக நிற்க வேண்டியிருக்கும். அவர்களுக்காகக் கோத்தகிரியைச் சேர்ந்த இரண்டு இளம் பொறியாளர்கள் ஓர் அங்கி செய்திருக்கிறார்கள். தண்ணீரில் ஊறவைத்து அணிந்தால், நீர் ஆவியாகும்போது உடல் சூடு குறையும். அங்கியில் பதித்த உணரி (சென்சார்), அணிந்தவரின் உடல் வெப்பநிலையை முகாமுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். ஒரு தகவல் வழி அறுந்தால் கருவி தானாகவே மற்றொரு வழிக்கு மாறிக்கொள்ளும். காப்புரிமை விண்ணப்பத்தின் வரைவை என்னிடம் படிக்கக் கொடுத்தார்கள்.

கருவி நன்றாக இருந்தது. வரைவுதான் அதைக் காப்பாற்றும்படி இல்லை. குன்னூரில் இருந்துகொண்டு இப்படிப்பட்ட வரைவுகள் பலவற்றைப் படித்துக் கொடுத்திருக்கிறேன். பெரும்பாலானவற்றில் இதே தவறுகள்தான்.

எதற்கு உரிமை கேட்கிறோம் என்று விண்ணப்பத்தில் சொல்லும் வாக்கியம்தான் உரிமைக்கோரல். முதல் உரிமைக்கோரல் இப்படி இருந்தது: "அணிந்தவரின் உடலைக் குளிர்ச்சியாக வைத்திருக்கும் அங்கி." இரண்டாவது: "இணைப்பு ஒருபோதும் அறாத தகவல் அமைப்பு." இரண்டும் பலனைச் சொல்கின்றன. அந்தப் பலன் எப்படிக் கிடைக்கிறது என்று சொல்லவில்லை. காப்புரிமை அந்த 'எப்படி'க்குத்தான் கிடைக்கும்.

நீலகிரியில் இருப்பவர்களுக்கு இதற்கு உதாரணம் வீட்டுப் பக்கத்திலேயே கிடக்கிறது. கல்லாறிலிருந்து குன்னூர்வரை மலை ரயில் பல் தண்டவாளத்தைப் பற்றிக்கொண்டு ஏறுகிறது. அது சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ரோமன் ஆப்ட் 1882இல் காப்புரிமை பெற்ற முறை. இரண்டு பல் சட்டங்கள் அருகருகே கிடக்கும். ஒன்றின் பல் இருக்கும் இடத்தில் மற்றொன்றின் இடைவெளி இருக்கும். எஞ்சினின் பல் சக்கரங்களில் ஏதாவது ஒரு பல் எந்த நொடியிலும் பிடியில் இருக்கும். "ஏற்றத்தில் வழுக்காத ரயில்" என்று மட்டும் எழுதியிருந்தால் அவருக்கு என்ன கிடைத்திருக்கும்? பற்களைத் தள்ளி அடுக்கிய விதம்தான் கண்டுபிடிப்பு. எழுத வேண்டியதும் அதுதான்.

அடுத்த தவறு சோதனை செய்த இடத்தில். அங்கியைக் கோத்தகிரியில், வீட்டு முற்றத்தில், 22 டிகிரியில் சோதித்திருந்தார்கள். அணிந்தவர் "ஜில்லென்று இருக்கிறது" என்றாராம். அந்தக் குளிரில் நனைந்த சட்டையும் அப்படித்தான் இருக்கும். அங்கியைப் பற்றி இந்தச் சோதனை ஒன்றும் சொல்லவில்லை.

தேயிலைத் தொழிற்சாலைக்குள் போனவர்கள் சுவரில் இரட்டை வெப்பமானியைப் பார்த்திருப்பார்கள். ஒன்றின் குமிழ் வெறுமனே இருக்கும், மற்றொன்றில் ஈரத்துணி சுற்றியிருக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்துத்தான் இலை எப்படி வாடும் என்று கணிக்கிறார்கள். அங்கிக்கும் அதே கணக்குதான், ஏனென்றால் ஆவியாகும் நீர் ஈரக்குமிழ் காட்டும் வெப்பநிலைக்குக் கீழே குளிராது. காற்று 40 டிகிரி, ஈரப்பதம் 25 சதவீதம் என்றால் ஈரக்குமிழ் ஏறக்குறைய 24 டிகிரி காட்டும். வெயிலில் தோலின் வெப்பநிலை 35 டிகிரிக்கு அருகில் இருக்கும் என்று வைத்தால் 11 டிகிரி இடைவெளி, அதாவது அங்கிக்கு வேலை செய்ய நிறைய இடம். கடற்கரையில் காற்று 34 டிகிரி, ஈரப்பதம் 75 சதவீதம் என்றால் ஈரக்குமிழ் 30 டிகிரிக்கு வந்துவிடும். காற்றின் வெப்பம் குறைவாக இருந்தும் அங்கியின் பலன் பாதிக்கும் கீழே போய்விடுகிறது. இந்த எண்கள் வரைவில் எங்குமே இல்லை.

இன்னொரு கேள்வியை அநேகமாக யாரும் கேட்பதில்லை: ஆவியாகும் நீர் வெப்பத்தை எங்கிருந்து எடுக்கிறது? ஒரு லிட்டர் நீர் ஆவியாக ஏறத்தாழ 2,400 கிலோஜூல் வேண்டும். அது முழுவதும் உடலிலிருந்து வந்தால் மகத்தான குளிர்ச்சி. ஆனால் ஆவியாதல் அங்கியின் வெளிப்பரப்பில் நடந்தால் வெப்பத்தின் பெரும்பகுதி சுற்றியிருக்கும் சுடுகாற்றிலிருந்துதான் வரும். உள்துணி காற்றை அடைத்துக்கொண்டால் வியர்வை ஆவியாவதும் நின்று, அங்கியே சுமையாகிவிடும். இவர்கள் உள்ளே செங்குத்தான காற்றுத் தடங்களைத் தைத்திருந்தார்கள். நீர் உறிஞ்சும் பாலிமர் மணிகளை அந்தத் தடங்களுக்கு இடையிலான பட்டைகளில் மட்டும் நிரப்பியிருந்தார்கள். கண்டுபிடிப்பே அதுதான். வரைவில் அதற்கு ஒரே ஒரு வரி, அதுவும் ஏழாம் பக்கத்தில்.

எங்கே பயன்படுத்தக் கூடாது என்பதையும் எழுதச் சொன்னேன். தீப்பிழம்பின் அருகே போனால் நனைந்த துணியிலுள்ள நீர் ஆவியாகித் தோலைச் சுட்டுவிடும். இது கோடு வெட்டவும் காவல் நடக்கவும் உள்ள அங்கி. தீயை அணைக்கப் போகிறவர் இதை அணியவே கூடாது. ஒரு மனிதரின் உடல்மேல் போடுகிற பொருளில் இதை மறைப்பதற்கு எந்த நியாயமும் இல்லை.

இனி இணைப்பு. குன்னூரில் நான் வேலை பார்த்த அலுவலகத்தில் இரண்டு நிறுவனங்களிடம் இணைய இணைப்பு வாங்கியிருந்தோம். ஐப்பசி மழையில் ஒருநாள் மண் சரிந்தது. இரண்டும் ஒரே நிமிடத்தில் போயின. மேட்டுப்பாளையத்திலிருந்து வரும் மலைப்பாதை ஓரத்தில் இரண்டு கேபிள்களும் ஒரே பள்ளத்தில் கிடந்தன என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒன்று கோத்தகிரிப் பாதை வழியாக வந்திருந்தால் பிழைத்திருப்போம். ஆப்ட்டின் இரட்டைப் பல் சட்டமும் அப்படித்தான். பிடி நழுவாமல் அது காக்கும், ஆனால் இரண்டு சட்டங்களும் ஒரே மண்மேல் கிடப்பதால் சரிவு வந்தால் ரயில் நிற்கிறது. ஆகவே "இரண்டு வழிகள்" என்று எழுதினால் போதாது. அவை எதையெல்லாம் பகிர்ந்துகொள்கின்றன, எதைப் பகிரவில்லை என்று எழுத வேண்டும்: பாதை, மின்சாரம், கோபுரம்.

முதல் வழி செத்துவிட்டது என்பதைக் கருவி எப்படி அறிகிறது என்பதும் வரைவில் இல்லை. ரூட்டரில் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், அதற்கப்பால் எங்கோ அறுந்திருக்கும். ஒரு ரூட்டர் செத்தால் மற்றொன்று பொறுப்பேற்பதற்கான வி.ஆர்.ஆர்.பி. என்ற பழைய நெறிமுறையில் (புரோட்டோகால்) முதன்மை ரூட்டர் வழக்கமாக நொடிக்கு ஒருமுறை "இருக்கிறேன்" என்று அறிவிக்கும். ஏறக்குறைய மூன்று நொடிகள் சத்தம் இல்லாவிட்டால் துணை ரூட்டர் பொறுப்பேற்கும். இரண்டும் உயிரோடிருந்து இடையில் உள்ள தொடர்பு மட்டும் அறுந்தால்? இரண்டும் தானே முதன்மை என்று எண்ணிக்கொள்ளும். காட்டில் வேறொரு சிக்கலும் உண்டு. நனைந்த இலைகளுக்கு இடையே சிக்னல் வந்து வந்து போகும். திரும்பி வந்த வழியை எத்தனை நொடி பார்த்த பிறகு நம்புவது என்று விதி இல்லாவிட்டால், கருவி இரண்டு வழிகளுக்கும் இடையே தாவிக்கொண்டே மின்கலத்தைத் தீர்த்துவிடும்.

சட்டமும் இங்கே கண்டிப்பாக இருக்கிறது. 1970ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தின் 3(எஃப்) பிரிவின்படி, தெரிந்த கருவிகளை வெறுமனே அடுக்குவதோ இரட்டிப்பாக்குவதோ, அவை தனித்தனியாகவே இயங்கும் வரையில், கண்டுபிடிப்பு ஆகாது. இரண்டு ரூட்டர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது அதில் விழும். வெறும் கணினி நிரலும் வழிமுறையும் 3(கே) பிரிவில் விழும். உடல் வெப்பநிலை ஏறும்போது அறிவிப்பு இடைவெளியைக் கருவி தானே குறைத்துக்கொள்கிறது என்பது இவர்களுடைய உண்மையான புதுமை. அதை உணரி, வானொலி, மின்கலம் ஆகியவற்றோடு சேர்த்து, கிடைக்கும் தொழில்நுட்பப் பலனோடு எழுத வேண்டும்.

முன்பே என்ன இருக்கிறது என்று தேடாமல் எழுதுவது பெரிய இழப்பு. வெட்டிவேர்த் தட்டியும் மண்பானையும் நம் வீடுகளில் எப்போதிலிருந்தோ இருக்கின்றன. மரபறிவை 3(பி) பிரிவு (ஆங்கில p) விலக்குகிறது. இந்தியாவில் காப்புரிமை இல்லை என்பதால் புதியது என்று நினைப்பதும் தவறு. உலகில் எங்கு வெளியானாலும் புதுமை போய்விடும். மறுபுறம், அமெரிக்கக் காப்புரிமை ஒன்று இருப்பதாலேயே இங்கே அதைச் செய்யக் கூடாது என்று அஞ்சுவதும் தவறு. காப்புரிமை வழங்கிய நாட்டுக்குள்தான் செல்லும். மாற்று ரூட்டர் முறை ஒன்றுக்கு சிஸ்கோ நிறுவனம் 1995இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றது. வி.ஆர்.ஆர்.பி.க்கும் அது பொருந்தும் என்ற சர்ச்சை எழுந்தபோது, ஓப்பன்பிஎஸ்டி என்ற கணினி இயங்குதளத்தை உருவாக்கும் குழுவினர் வேறு விதமாக இயங்கும் கார்ப் என்ற நெறிமுறையை எழுதிக்கொண்டார்கள். பிறருடைய உரிமைக்கோரல்களைத் தலைப்போடு நிறுத்தாமல் வரி வரியாகப் படித்தால் இப்படி வழி தெரியும்.

விண்ணப்பிக்கும் முன் காட்டிவிடுவது பலருடைய உழைப்பை அழித்திருக்கிறது. இவர்களும் ஒரு காணொளி வெளியிட்டிருந்தார்கள். பயந்துகொண்டே பார்த்தேன். வெளித்தோற்றம் மட்டும்தான் இருந்தது. உள்தையலும் மாற்று வழி விதியும் இல்லை என்பதால் பிழைத்தார்கள். அங்கியையும் தகவல் அமைப்பையும் ஒரே விண்ணப்பத்தில் திணிக்க வேண்டாம், இரண்டாகப் பிரியுங்கள் என்றும் சொன்னேன்.

கடைசியாக, காலக்கணக்கு. கண்டுபிடிப்பை விவரிக்கும் ஆவணம்தான் விவரக்குறிப்பு. தற்காலிக விவரக்குறிப்போடு முதலில் விண்ணப்பித்தால் முழு விவரக்குறிப்புக்கு 12 மாதம் இருக்கிறது. தனிநபர் இணையவழியில் விண்ணப்பிக்கக் கட்டணம் 1,600 ரூபாய். நம் பகுதிக்குக் கிண்டியில் உள்ள சென்னை அலுவலகம். பரிசோதனைக்கான கோரிக்கையை 31 மாதங்களுக்குள் தனியாகக் கொடுக்க வேண்டும். மறந்தால் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டதாகவே கருதிவிடுவார்கள். மலையில் இருப்பவர்கள் ஜனவரியில் விண்ணப்பிப்பது நல்லது. அப்போது முதுமலையின் வறண்ட மாதங்கள், ஆனியிலிருந்து அடிக்கும் தென்மேற்குப் பருவமழை, ஐப்பசி கார்த்திகை மண்சரிவு எல்லாம் அந்த 12 மாதத்துக்குள் வந்துவிடும். அங்கிக்கு வெயிலும் இணைப்புக்கு மழையும் கிடைக்கும். அளந்த எண்களோடு டிசம்பரில் முழு விவரக்குறிப்பை எழுதலாம். அந்த இருவரும் இப்போது ஒரு பழைய இரட்டை வெப்பமானியை இரவல் வாங்கிக்கொண்டு முதுமலைக்குப் பக்கத்திலுள்ள மசினகுடிக்குப் போயிருக்கிறார்கள்.