தடுமாறிய வயர்லெஸ் மவுஸைச் சரிசெய்த விதம்

மண்டபம் ஊரில் கடலுக்கு அருகே உள்ள எங்கள் வீட்டில், விளையாட்டுக்கென வாங்கிய வயர்லெஸ் மவுஸின் சுட்டி, வேகமாகக் குறிபார்க்கும் தருணங்களில் ஒரு கணம் நின்று பிறகு தாவியது. பேட்டரியில் போதிய சார்ஜ் இருந்தது. சென்சாரும் தூசியின்றி இருந்தது.

காரணம், மவுஸின் சமிக்ஞையைப் பெறக் கணினியில் செருகும் சிறு ரிசீவர் இருந்த இடம். இத்தகைய மவுஸ்கள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குகின்றன; யுஎஸ்பி 3.0 இணைப்பில் தரவு பாயும்போது எழும் மின்காந்த இரைச்சல் அதே அலைவரிசையைப் பாதிக்கிறது என்பதை இன்டெல் நிறுவனம் 2012-இல் வெளியிட்ட அறிக்கையிலேயே விளக்கியுள்ளது. என் ரிசீவரோ கணினியின் பின்புறம், வெளிப்புற ஹார்ட் டிஸ்க்கின் இணைப்பை ஒட்டி இருந்தது. அதை ஒரு யுஎஸ்பி எக்ஸ்டென்ஷன் கேபிளில் செருகி, மேசைமேல் மவுஸிலிருந்து ஒரு சாண் தொலைவில் வைத்ததும் தாவல் அறவே நின்றது. அதே 2.4 கிகாஹெர்ட்ஸில் இருந்த வைஃபையையும் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றினேன். ஆயினும் பெரும்பலன் முதல் மாற்றத்தால்தான். 1000 ஹெர்ட்ஸ் போலிங் வீதத்தில் மவுஸ் ஒவ்வொரு மில்லி விநாடியும் தன் அசைவைத் தெரிவிப்பதால், தொடர்ந்து சில தகவல்கள் தவறினாலும் விளையாடுபவரின் கை அதை உணர்ந்துவிடும்.

பிடிப்பின் சுகத்தைப் பொறுத்தவரை, உள்ளங்கை வியர்க்கும் நம் கடற்கரையில் வழவழப்பான மேற்பரப்பைவிடச் சற்றுச் சொரசொரப்பான பக்கங்களே எனக்கு ஏற்றவையாக இருந்தன; ரப்பர் பூச்சு நாளடைவில் பிசுபிசுக்கும் என்பதால் அதைத் தவிர்த்தேன். உள்ளங்கை முழுவதையும் பதித்துப் பிடிப்பவர்களுக்கு முதுகு உயர்ந்த மவுஸும், விரல்நுனியால் நகர்த்துபவர்களுக்கு எடை குறைந்த சிறிய மவுஸும் பொருந்தும். உப்புக்காற்று மவுஸ் பொத்தான்களுக்குள் உள்ள உலோகத் தொடுமுனைகளை அரிக்கக்கூடியது. அரித்தால் ஒரு சொடுக்கு இரண்டாகப் பதிவாகலாம். ஆகவே தொண்டியிலோ கீழக்கரையிலோ இருந்து வாங்க எண்ணுபவர்கள், அத்தகைய தொடுமுனைகளை நம்பாமல் ஒளியால் இயங்கும் ஸ்விட்ச் கொண்ட மவுஸைத் தேர்ந்தெடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.