முதல் குளிர்காலத்துக்கு முன் காருக்கு எந்த அளவு ரயர்?

ஒன்ராறியோவுக்கு வந்து கார் ஒன்றும் வாங்கிவிட்டீர்கள் என்றால், ஒக்ரோபர் முடிவதற்குள் ஸ்நோ ரயர் விஷயத்தைப் பார்த்துவிடுங்கள். முதல் ஸ்நோ கொட்டிய மறுநாள் எந்தக் கராஜுக்குப் போனாலும் வரிசைதான், உங்கள் காருக்கான அளவு முடிந்தும் போயிருக்கும்.

"இங்கே சட்டத்தில் கட்டாயமில்லையே" என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான், கியூபெக்கில் பதிவான கார்களுக்குத்தான் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை கட்டாயம். ஆனால் குளிர் மாகாண எல்லை பார்த்து வருவதில்லை. வருடம் முழுவதும் ஓட்டும் ஆல் சீசன் ரயரின் ரப்பர் 7 பாகை செல்சியஸுக்குக் கீழே போகப் போக இறுகிவிடும், அப்போது ஸ்நோவே இல்லாத வெறும் தார் வீதியில்கூட பிடிமானம் குறையும். ஸ்நோ ரயரின் ரப்பர் அந்தக் குளிரிலும் மென்மையாக இருக்கும். வாங்கும்போது ரயரின் பக்கவாட்டில் மூன்று முகடுள்ள மலைக்குள் பனித்துகள் வரைந்த சின்னம் இருக்கிறதா என்று பாருங்கள். எம் பிளஸ் எஸ் (M+S, சேறும் ஸ்நோவும்) என்ற எழுத்து மட்டும் இருந்தால் போதாது.

சரி, அளவுக்கு வருவோம். சாரதிப் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் காருக்கான ரயர் அளவு போட்ட ஒரு ஸ்ரிக்கர் ஒட்டியிருக்கும். அதைப் படம் எடுத்து வையுங்கள், ஏனென்றால் பழைய காரில் முன்னைய சொந்தக்காரர் வேறு அளவு ரயர் மாட்டியிருக்கலாம். 205/55 ஆர் 16, 91 எச் என்று இருந்தால், 205 என்பது ரயரின் அகலம் மில்லிமீற்றரில், 55 என்பது பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை வீதம் என்பது, 16 என்பது றிம்மின் விட்டம் அங்குலத்தில். எச் என்பது ரயரின் வேகத் தரம். 91 என்றால் ஒரு ரயர் 615 கிலோ தாங்கும். இந்த எண்ணுக்குக் குறைந்ததை யார் மலிவாகத் தந்தாலும் வாங்க வேண்டாம்.

காரில் 17 அங்குல றிம் இருந்தால், குளிர்காலத்துக்கு ஓர் அங்குலம் குறைக்கலாம், நான் எல்லோருக்கும் சொல்வது இதைத்தான். 225/45 ஆர் 17 ரயரின் மொத்த உயரம் 634 மில்லிமீற்றர், 205/55 ஆர் 16 போட்டால் 632. வேகமானி கிட்டத்தட்ட சரியாகவே காட்டும், ரயர் பெரும்பாலும் மலிவு, ஒடுங்கிய ரயர் ஸ்நோவை வெட்டிக்கொண்டு இறங்கும், பக்கச் சுவர் உயரமாக இருப்பதால் மார்ச் மாதக் குழிகளில் விழுந்தாலும் றிம் அவ்வளவு லேசில் வளையாது. ஆனால் சில கார்களில் பிரேக் பெரிது, சின்ன றிம் உள்ளே போகாது. காரின் மொடலையும் ஆண்டையும் சொல்லிக் கேட்டுவிட்டே வாங்குங்கள்.

பழைய றிம் வாங்குகிறவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். 2010களில் வந்த கொரோலாவுக்கும் சிவிக்குக்கும் ஐந்து நட்டுத்தான், ஆனால் நட்டுத் துளைகள் அமைந்த வட்டத்தின் விட்டம் கொரோலாவில் 100 மில்லிமீற்றர், சிவிக்கில் 114.3. மாறிப் பொருந்தாது. பழைய ரயர் என்றால் பக்கவாட்டில் டொட் (DOT) எழுத்துகளோடு வரும் எண்ணில் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள், 4021 என்றால் 2021ஆம் ஆண்டின் 40ஆவது வாரம் செய்தது. தவாளிப்பின் ஆழம் 4 மில்லிமீற்றருக்குக் குறைந்தால் ஸ்நோவுக்கு அது உதவாது.

காசு மிச்சம் பிடிக்க முன்னுக்கு மட்டும் இரண்டு போடுவது ஆபத்து. வளைவில் பிரேக் பிடித்தால் பின்பக்கம் சுழன்றுவிடும். நான்கும் போடுங்கள், போட்டதும் காப்புறுதிக்காரருக்கு அறிவியுங்கள். 2016 முதல் ஒன்ராறியோவில் இதற்கு அவர்கள் கழிவு தந்தே ஆக வேண்டும்.

குளிர் கூடும்போது காற்றழுத்தம் தானாக இறங்கும், மாதம் ஒரு தடவையாவது காலையில் கார் எடுக்குமுன் பாருங்கள். அப்புறம், சில்லு மாற்றி 100 கிலோமீற்றர் ஓடியதும் நட்டுகளைத் திரும்ப இறுக்க வேண்டும், மாற்றிய கராஜுக்கே கொண்டுபோனால் பெரும்பாலும் காசு வாங்காமல் செய்து தருவார்கள்.