நாய்க்கு வீட்டுச் சமையல்: கறி, சோறு, மறக்கக் கூடாத முட்டை ஓடு

எங்கள் வீட்டில் இருப்பது சிப்பிப்பாறை. பெயர் வீரா, வயது நான்கு, எடை 18 கிலோ. பாக்கெட் உணவைத் திடீரென்று தொட மறுத்துவிட்டான். கறியும் சோறும் வைத்தால் தட்டு காலி. சரி, இனி வீட்டுச் சாப்பாடுதான் என்று முடிவு செய்தோம். தடுப்பூசிக்குப் போனபோது மருத்துவரிடம் இதைச் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "கால்சியத்துக்கு என்ன போடுறீங்க?"

இந்தக் கேள்வியைத்தான் பலரும் விட்டுவிடுகிறோம். எலும்பில்லாத கோழிக்கறி 100 கிராமில் பாஸ்பரஸ் சுமார் 200 மில்லிகிராம் இருக்கும். கால்சியமோ 15 மில்லிகிராம் அளவுதான். நாய்க்கு இந்த இரண்டும் சரிபாதியாக, இல்லையென்றால் கால்சியம் கொஞ்சம் கூடுதலாக வேண்டும். சாப்பாட்டில் கிடைக்காத கால்சியத்தை உடம்பு தன் எலும்பிலிருந்தே உருவிக்கொள்ளும்.

"இந்தப் பக்கத்து நாய்களெல்லாம் சோறு தின்று வளர்ந்தவைதானே?" என்று கேட்பார்கள். சிப்பிப்பாறையும் ராஜபாளையமும் கோம்பையும் சோறு தின்றன, உண்மைதான். ஆனால் முயல் பிடித்தும் தின்றன, கறி வெட்டும் இடத்தில் பச்சை எலும்பும் கடித்தன. மாடி வீட்டில் வளரும் நாய்க்கு நாம் தட்டில் வைப்பதை விட்டால் வேறு வழியில்லை.

எவ்வளவு வேண்டும்

எடையை 0.75 அடுக்குக்கு உயர்த்தி 70-ஆல் பெருக்குங்கள். போனில் இருக்கும் கால்குலேட்டரே போதும். வரும் எண்ணை 1.6-ஆல் பெருக்கினால், கருத்தடை செய்த வளர்ந்த நாய்க்கு ஒரு நாளைக்குத் தேவையான கலோரி கிடைக்கும். 18 கிலோவுக்கு 980 கலோரி வருகிறது. இது தொடக்கக் கணக்குதான். விலா எலும்பு கையில் தட்டுப்படாமல் போனால் குறையுங்கள், இடுப்பு ஒட்டிப் போனால் கூட்டுங்கள்.

18 கிலோ நாய்க்கு மூன்று நாளுக்கு நான் போடும் அளவு: எலும்பு நீக்கிய கோழிக்கறி ஒரு கிலோ (அதில் 50 கிராம் ஈரல்), அரிசி 250 கிராம், மஞ்சள் பூசணி 250 கிராம், முட்டை மூன்று, எண்ணெய் ஆறு டீஸ்பூன். முட்டை ஓட்டுத்தூள் ஒன்றரை டீஸ்பூன். ஈரல் சத்தானதுதான், ஆனால் வைட்டமின் ஏ அதில் மிக அதிகம். அளவைக் கூட்ட வேண்டாம்.

எடை மெஷின் ஒன்று வாங்கிவிடுங்கள். கண் அளவில் போட்டால் சோறு கூடிக்கொண்டே போகும், கறி குறைந்துகொண்டே வரும்.

கடையில்

நாய்க்கு என்று சொன்னால் கறிக்கடை அண்ணன் தலை, தோல், கொழுப்பு எல்லாவற்றையும் அள்ளிப் போட்டுவிடுவார். தோலும் கொழுப்பும் அவ்வளவு சேர்ந்தால் கணையத்துக்குக் கேடு. நான் "தொடைக்கறி, தோல் உரிச்சது" என்று மட்டும் கேட்டு வாங்குகிறேன். எலும்போடு வாங்கினால் விலை குறையும், ஆனால் ஒன்றரை கிலோவுக்குக் குறையாமல் வாங்க வேண்டியிருக்கும்.

வேக வைத்தல்

கறியைக் குக்கரில் தண்ணீர் விட்டு மூன்று விசில் வையுங்கள். உப்பு, மிளகாய், மசாலா எதுவும் வேண்டாம். வெந்த தண்ணீரை ஆறவிட்டு, மேலே மிதக்கும் கொழுப்பை எடுத்துவிட்டு, அதிலேயே அரிசியையும் பூசணியையும் குழைய வேக வையுங்கள். ரேஷன் புழுங்கல் அரிசியே போதும்.

எலும்போடு வேக வைத்திருந்தால் அவசரப்படாமல் உட்கார்ந்து பிரியுங்கள். கோழிக்காலில் பெரிய எலும்பை ஒட்டி ஊசி மாதிரி மெல்லிய எலும்பு ஒன்று இருக்கும். கண்ணுக்குத் தப்பும், விரலுக்குத் தப்பாது. ஒவ்வொரு துண்டையும் கையால் பிசைந்து பார்த்தபிறகே பாத்திரத்தில் போடுங்கள். வெந்த எலும்பு கூராக உடைந்து குடலைக் கிழிக்கும். எடுத்த எலும்பைத் தெருவில் எறியாதீர்கள், தெருநாய்க்கும் குடல் அதேதான். காகிதத்தில் இறுக்கிச் சுற்றி, மூடியுள்ள குப்பைத்தொட்டியில் போடுங்கள்.

முட்டை ஓட்டுத்தூள்

எல்லோரும் தடுமாறும் இடம் இதுதான். ஓட்டைக் கழுவி, கொதிக்கும் தண்ணீரில் பத்து நிமிடம் வையுங்கள், கிருமி போகட்டும். உள்ளே ஒட்டியிருக்கும் சவ்வை உரிக்கத் தேவையில்லை. ஆனால் அதில் ஈரம் இருந்தால் மிக்ஸி பிளேடில் சுற்றிக்கொண்டு நூல் நூலாக நிற்கும். ஓட்டை விரலால் நொறுக்கும்போது சவ்வும் சேர்ந்து சடசடவென்று உடைய வேண்டும், அதுவரை காய வேண்டும். மதுரை வெயிலில் ஒரு பகல் மொட்டைமாடியில் கிடந்தால் போதும். ஐப்பசி மழைக்காலத்தில் வாணலியில் சிறு தீயில் வறட்டிக்கொள்ளுங்கள்.

அரைக்கச் சட்னி ஜார்தான் சரி. பெரிய ஜாரில் ஓடுகள் மேலே துள்ளிக்கொண்டிருக்கும், அரைபடாது. உரலில் இடித்தால் நைசாக வராது. விட்டுவிட்டு ஓட்டுங்கள், நிறுத்தியதும் மூடியைத் திறக்காதீர்கள், தூசி மூக்கில் ஏறும். தூள் அடங்கியபிறகு திறந்து மைதா சல்லடையில் சலித்து, நின்றதை மறுபடி அரையுங்கள். கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் தேய்த்துப் பாருங்கள். நறநறப்பு துளிகூட இருக்கக் கூடாது.

ஒரு முட்டை ஓட்டில் ஏறக்குறைய ஒரு டீஸ்பூன் தூள் கிடைக்கும், அதில் கால்சியம் 2 கிராம் அளவுக்கு இருக்கும். மேலே சொன்ன ஒன்றரை டீஸ்பூனைத் தலை தட்டி அளக்க வேண்டும், எடையில் 8 கிராம். சமையலுக்கு உடைக்கும் மூன்று முட்டையின் ஓடே இதற்குத் தாராளம். மலம் வெளுத்து இறுகிப் போனால் கால்சியம் கூடிவிட்டது என்று புரிந்துகொள்ளலாம்.

கலப்பதும் வைப்பதும்

ஆறிய சோற்றில் கறி, அவித்த முட்டை, எண்ணெய், ஓட்டுத்தூள் எல்லாம் போட்டுக் கையால் பிசையுங்கள். ஒரு நாளுக்கு ஒரு டப்பா எனப் பிரித்து ஃப்ரிட்ஜில் வையுங்கள். மூன்று நாளைத் தாண்டினால் ஃப்ரீசர்தான். சித்திரை வெயிலில் அரை மணி நேரத்தில் தின்று முடிக்காததை எடுத்துவிடுங்கள்.

முதல் நாளே முழுத் தட்டையும் மாற்றாதீர்கள். பழைய உணவில் கால் பங்கு, அப்புறம் அரை என்று ஒரு வாரம் பத்து நாள் இழுத்து மாற்றினால் வயிறு கலங்காது.

வாரம் ஒருநாள் கறிக்குப் பதில் மத்தி மீன் வையுங்கள். ஒமேகா-3-ம் வைட்டமின் டி-யும் கிடைக்கும். அப்படியும் துத்தநாகம், அயோடின், வைட்டமின் ஈ போன்றவை வீட்டுச் சமையலில் குறையும். எந்தச் சத்து மருந்து, எவ்வளவு என்பதை மருத்துவரிடம் கேட்டுத்தான் போட வேண்டும்.

பின்சேர்க்கை: நண்பர்கள் கேட்டவை

மீந்த குழம்பும் கல்யாண வீட்டுப் பிரியாணியும் வைக்கலாமா? கூடவே கூடாது. வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும், வெந்தாலும் அந்த நஞ்சு போகாது. திராட்சை, உலர்திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். சாக்லேட்டும், சர்க்கரைக்குப் பதில் சைலிட்டால் சேர்த்த சூயிங்கமும் வீட்டில் நாய்க்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும்.

கேழ்வரகில் கால்சியம் இருக்கிறதே, கூழ் கொடுத்தால் போதாதா? 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் இருப்பது சரிதான். ஆனால் அதிலுள்ள ஃபைட்டிக் அமிலம் கால்சியத்தை முழுதாக உடம்பில் சேரவிடாது. அரிசிக்குப் பதில் கேழ்வரகு வைக்கலாம், ஓட்டுத்தூளுக்குப் பதிலாக வைக்கக் கூடாது.

குட்டிக்கும் இதே அளவா? இல்லை. வளரும் குட்டிக்கு, அதிலும் ராஜபாளையம் போன்ற பெரிய இனக் குட்டிக்கு, கால்சியம் குறைந்தாலும் கூடினாலும் கால் வளையும். ஒரு வயது வரை மருத்துவர் எழுதிக் கொடுக்கும் அளவு மட்டும்தான். சிறுநீரகக் கோளாறு உள்ள நாய்க்கும் இந்தச் செய்முறை ஆகாது, அதற்குப் பாஸ்பரஸைக் குறைத்துத் தனியாகச் சமைக்க வேண்டும்.